குமரேசன் பிடித்து வந்த விரதக்காரி

திருவண்ணாமலையில் கரப்பானுக்கு மருந்து அடிக்க ஆள் வேண்டுமென்றால் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. தெருமுனையில் நின்று மூக்கை உறிஞ்சினால் போதும். மருந்து நெடி அடித்தால் குமரேசன் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறான். முதுகில் தெளிப்பான், கழுத்தில் துண்டு, ஸ்கூட்டரின் முகப்பில் மல்லாக்கக் கிடக்கும் கரப்பானின் படம். கீழ்பென்னாத்தூரில் அப்பாவின் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் மருந்து அடித்துப் பழகிய கை அது. மழை பொய்த்த ஒரு வருஷம் தெளிப்பானோடு டவுனுக்கு வந்தான். செடியில் இருக்கும் பூச்சியைவிட வீட்டில் இருக்கும் பூச்சி ஜாஸ்தி என்று தெரிந்ததும் இங்கேயே தங்கிவிட்டான். வேங்கிக்காலில் புதிதாக எழும்பிய வீடுகளில் கிரகப்பிரவேசத்துக்கு அடுத்தபடியாக உள்ளே நுழைகிற ஆள் அவன்தான்.

"நான் ஒரு வாட்டி உள்ள பூந்து வந்த வீட்டுல கரப்பான் மீசை தெரிஞ்சா என் பேரை மாத்திக்கறேன்" என்று எல்லாரிடமும் சொல்வான். இதுவரைக்கும் யாரும் அவனைப் பேர் மாற்றச் சொல்லவில்லை.

இப்பேர்ப்பட்ட வீரனுக்கும் ஒரு பயம் இருந்தது. எட்டுக்கால் பூச்சி. மூலையில் வலை கட்டிக் குந்தியிருக்கிறதே, அதைச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு அது இருக்கிறது. வலையே கட்டாமல், உள்ளங்கை அகலத்துக்குச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரை தெரிந்ததும் ஒரே ஓட்டமாக ஓடிப் பிடிக்குமே, அது. மருந்தடிக்கப் போன வீட்டில் அது எதிர்ப்பட்டால், "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேங்க" என்று வெளியே நழுவிவிடுவான். சின்ன வயதில் உதட்டில் கொப்புளம் வந்தபோது, எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேய்ந்திருக்கும் என்று தெருவில் சொன்னார்கள். நம் ஊரில் யாருக்கு எங்கே கொப்புளம் வந்தாலும் அந்தப் பாவப்பட்ட பூச்சிதான் மூத்திரம் பேய்ந்திருக்கும். அதற்கு வேறு சோலியே கிடையாது பாருங்கள். குமரேசன் மட்டும் அதை இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி திரௌபதிக்கு எதற்கும் பயமில்லை. மனசு நன்றாக இருந்தால் புருஷனை "இன்னாங்க" என்பாள். கோபம் வந்தால் "யோவ்." அன்றைக்கு வீட்டு நிலவரம் என்ன என்பது எதிர்வீடு வரைக்கும் தெரிந்துவிடும். செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில், ஹைமவதி அம்மாள் நடத்தும் தங்கும் விடுதியில் அவள்தான் சமையல்.

ஹைமவதி அம்மாள் கோயில் குருக்கள் வீட்டுப் பெண். தியானம் பண்ண வருகிறவர்களுக்கு மட்டும்தான் அறை கொடுப்பார். வாசலில் ஒரு பலகை: "இவ்வளாகத்தில் எவ்வுயிரும் கொல்லப்படுவதில்லை." தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். அங்கே கொசுவை விசிறியால் விசிறித்தான் வழியனுப்ப வேண்டும். எறும்பு வரிசையாக வந்தால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். தங்க வந்தவர்கள் அந்தப் பலகையைப் படித்தார்களோ இல்லையோ, கரப்பான்கள் மூன்று மொழியிலும் படித்துவிட்டுக் குடும்பத்தோடு வந்து சேர்ந்துவிட்டன.

"நீ ஊரெல்லாம் தொரத்தி விடற. அதுங்க நேரா என் சமையக்கட்டுக்கு வந்து என் உசுரை வாங்குது" என்று திரௌபதி புருஷனைத் திட்டுவாள்.

ஒருநாள் காலையில் விருந்தாளி ஒருவர் உப்புமாவில் கடுகு கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தார். கடுகு மீசையை ஆட்டியது. அவர் தட்டை வைத்துவிட்டு நேராக ஹைமவதி அம்மாளிடம் போனார். அவர் போன வேகத்திலேயே அம்மாள் சமையல்கட்டுக்கு வந்தார்.

"திரௌபதி, வர பௌர்ணமிக்கு ஹைதராபாத்லேருந்து பெரிய கோஷ்டி வரா. அவா கண்ணுல ஒரே ஒரு கரப்பான் பட்டாலும் நீ வேற இடம் பார்த்துக்கோ. அதுக்காக மருந்து அடிக்கப்படாது. விளக்குமாத்தால போடறதும் கூடாது. சொல்லிட்டேன்."

அடிக்கவும் கூடாது, இருக்கவும் கூடாது என்றால் கரப்பானிடம் போய்க் காலில் விழ வேண்டியதுதான். அன்று சாயங்காலம் திரௌபதி வீட்டுக்கு வந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் அழுது குமரேசன் பார்த்ததில்லை. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வேலை போனா போவுது. கரப்பான் அடிக்கறவன் பொண்டாட்டிக்குக் கரப்பானால வேலை போச்சுன்னு ஊரே சிரிக்கும். அதை நெனச்சாத்தான் எனக்கு ஆத்திரமா வருது" என்றாள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும் அவளுக்கே யோசனையும் வந்தது.

"எங்கப்பா வீட்டு மல்லாட்டை ரூம்ல கரப்பான் பாத்திருக்கியா நீ? ஒண்ணு கெடையாது. ஏன்னு தெரியுமா? செவுத்துல அது கீது."

"எது?"

"பேரு சொன்னாலே உனக்கு வேர்க்குமே, அது."

குமரேசனுக்கு அப்போதே வேர்த்துவிட்டது. ஆனால் அழுத முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்ல எந்தப் புருஷனுக்கு வாய் வரும்?

மறுநாள் இரண்டு பேருமாகப் போய், அந்தப் பூச்சியைக் கொண்டுவந்து விட ஹைமவதி அம்மாளிடம் சம்மதம் கேட்டார்கள்.

"நாம எதையும் கொல்லலீங்கம்மா. அது பசிக்கு அது சாப்புடும்" என்றான் குமரேசன்.

அம்மாள் கண்ணை மூடித் தலையாட்டினார். "வாஸ்தவம். அதோட கர்மா அதைச் சேர்ந்தது. ஆனா ஒண்ணு, என் சமையலறைல அசைவம் சாப்பிடப்படாது. பிடிச்சதை வெளில கொண்டுபோய்ச் சாப்பிடச் சொல்லு."

"சொல்லிடறேங்கம்மா" என்றாள் திரௌபதி, முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல்.

"பல்லியை அது தொடாதில்லையா? நான் பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கறவள்."

"பெருசா இருந்துச்சுன்னா குட்டிப் பல்லியக் கூட..." என்று குமரேசன் தொழில் சுத்தமாக ஆரம்பித்தான். திரௌபதி அவன் காலை மிதித்தாள். "தொடாதுங்கம்மா" என்று முடித்தான்.

மாமனார் வீட்டு மல்லாட்டை அறைச் சுவரில் இரண்டு இருந்தன. ஒன்று ஒல்லியாக, காலெல்லாம் நீளமாக, பட்டினி கிடந்த மாதிரி. இன்னொன்று கனமாக, நிதானமாக, வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக வட்டமாக ஒரு காசு வைத்துக்கொண்டு இருந்தது. குமரேசன் வாசற்படிக்கு வெளியே நின்றபடி துடைப்பத்தால் சுட்டிக்காட்டினான்.

"அந்தக் குண்டு."

"ஒல்லிதான் ஓடியாடிப் புடிக்கும்னு தோணுது" என்றாள் திரௌபதி.

"அட, ஒல்லி ஏன் ஒல்லியா கீது? சாப்புடறதில்ல. குண்டு ஏன் குண்டா கீது? சாப்புடுது. தொழில்ல இத்தினி வருஷம் இருக்கறேன், எனக்குத் தெரியாதா?"

திரௌபதிக்கும் அந்தக் காசைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. காசோடு வருகிற பூச்சியை யார் வேண்டாமென்பார்கள்? ஸ்வீட் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, பிடித்துவிட்டாள். பஸ்ஸில் அவள் டப்பாவோடு பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். குமரேசன் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஊர் வரும்வரைக்கும் டப்பா மூடியையே பார்த்துக்கொண்டு வந்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை ஆகிவிடக் கூடாதே என்ற கவலை அவனுக்கு.

சமையல்கட்டையும் சாப்பாட்டுக் கூடத்தையும் பிரிக்கிற சுவரில் விட்டார்கள். அது மேலே ஏறி, கூடத்துப் பக்கம் போய், ஒரு சாமி படத்துக்குப் பக்கத்தில் எட்டுக் காலையும் பரப்பி ஒட்டிக்கொண்டது. அப்புறம் அசையவே இல்லை.

அன்றைக்கு அசையவில்லை, மறுநாளும் அசையவில்லை. கரப்பான் ஒன்று அதன் முகத்துக்கு நேராக உலாத்திக்கொண்டு போயிற்று. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குமரேசன் தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து, எட்ட ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காவல் காத்தான். செத்த கரப்பானைக் குச்சியில் குத்தி நீட்டினான். மோந்துகூடப் பார்க்கவில்லை. செத்ததை அந்த ஜாதிப் பூச்சி தொடாது, அசைகிறதுதான் அதற்குச் சாப்பாடு என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டான். உடனே உயிருள்ள கரப்பான் ஒன்றை நூலில் கட்டி, சுவரோரமாக ஆட்டிக் காட்டினான். கரப்பான் குதித்தது, சுழன்றது, கரகாட்டமே ஆடியது. பார்க்க வேண்டியது பார்க்கவில்லை.

சுரேஷ்குமார் பார்த்துவிட்டார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து விடுதியில் மௌன விரதம் இருக்கிற மனிதர் அவர். கழுத்தில் ஒரு சிலேட்டு தொங்கும். பேச வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவார். அவர் பூச்சியைப் பார்த்தார், நூலில் ஆடுகிற கரப்பானைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிலேட்டில் எழுதினார்: "அது உபவாசம் இருக்கிறது. கலைக்காதீர்கள்."

அவ்வளவுதான். இந்த ஊரில் ஒருத்தர் அசையாமல், பேசாமல், சாப்பிடாமல் ஒரே இடத்தில் இருந்துவிட்டால் அப்புறம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எட்டுக் கால் இருக்கிறதே என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை. ஹைமவதி அம்மாள் சிலேட்டைப் படித்துவிட்டுச் சுவருக்குக் கீழே விழுந்து கும்பிட்டார்.

"பார்த்தியா குமரேசா? வாசல் பலகைக்கு இருக்கற மகிமை. மாமிசம் தின்னற ஜந்து, இங்க வந்ததும் விட்டுடுத்து."

அன்று மாலையே சுவருக்குக் கீழே ஒரு மணை வந்தது. மணையில் விளக்கு, ஒரு கிண்ணத்தில் பால், இன்னொரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல். சாமி எதையும் தொடவில்லை. கரப்பான்கள் தொட்டன. விளக்கை அணைத்ததும் பாலுக்கு ஒரு கூட்டம், பொங்கலுக்கு ஒரு கூட்டம். முன்பு சமையல்கட்டோடு இருந்தவை இப்போது நைவேத்தியத்துக்காகக் கூடத்துக்கே குடிவந்துவிட்டன.

"அம்மா, பால் வெக்காதீங்க. கரப்பான் ஜாஸ்தியாயிடும்" என்றான் குமரேசன்.

"நைவேத்தியத்துக்குக் கரப்பான் வருமோ? அபசாரமாப் பேசாதே."

வீட்டில் நிலவரம் "யோவ்" ஆகிவிட்டது. "கரப்பான ஒழிக்கச் சொன்னா, அதுக்குக் கோயில் கட்டிக் குடுத்துட்ட" என்றாள் திரௌபதி.

கிட்டே போகப் பயந்து, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போன் காமிராவைப் பெரிதாக்கிப் பார்த்தான் ஒருநாள். காசு என்று நினைத்தது காசு இல்லை. தாளில் செய்த சின்னப் பை போல இருந்தது. வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குட்டிக் கைகளால் அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது. படத்தைக் கொண்டுபோய்த் திரௌபதியிடம் காட்டினான்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, முட்டைய்யா இது. வாயாண்ட புள்ளைங்களப் புடிச்சிக்கினு எப்படிச் சாப்புடும்? புள்ளத்தாச்சியப் போயி வேலைக்கு இட்டாந்திருக்கமே, நாம மனுசங்களா?"

"எப்பத்தான் சாப்புடும்?"

"புள்ளைங்க வெளிய வந்தப்பறந்தான். அதுவரைக்கும் பட்டினிதான். பாவம்."

குமரேசன் அதை ஹைமவதி அம்மாளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தான். "சாமியைப் போய் புள்ளத்தாச்சிங்கறியே, நாக்கு அழுகிடும்" என்று பதில் வந்தது. சரி, ஒல்லியையாவது பிடித்து வரலாம் என்றால், மாமனார் மல்லாட்டை மூட்டையையெல்லாம் ஏற்றி அனுப்பி, அறையைக் கழுவி விட்டுவிட்டார். ஒல்லி போன இடம் தெரியவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் அந்த வெள்ளைப் பை பிளந்து மணை மேல் விழுந்தது. சுரேஷ்குமார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஹைமவதி அம்மாள் சாமி கொடுத்த பிரசாதம் என்று குங்குமச் சிமிழுக்குள் வைத்துக்கொண்டார். சுவரில் எள்ளைக் கொட்டினாற்போலக் குட்டிகள் சிதறிப் பரவியிருந்ததைத் திரௌபதி மட்டும்தான் பார்த்தாள்.

"இன்னாங்க," என்றாள் அன்று வீட்டுக்கு வந்து. "பெத்துட்டா. இனிமே பசிக்கும்."

மறுநாள் ஹைதராபாத் கோஷ்டி விடியுமுன் கிரிவலம் கிளம்பி, மலையைச் சுற்றி முடித்து, காலெல்லாம் புழுதியோடு சாப்பாட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தது. இலை போட்டாயிற்று. குமரேசன் தண்ணீர் ஊற்ற வந்திருந்தான். திரௌபதி பொங்கல் வாளியோடு சமையல்கட்டு வாசலில் நின்றாள். வானம் மூட்டமாக இருந்ததால் கூடம் இருட்டிக் கிடந்தது. ஹைமவதி அம்மாள் மணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மாமிசத்தை விட்ட மகானின் கதையைத் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கோஷ்டிக்குத் தலைவியான அம்மா கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பால் கிண்ணத்துக்கு அடியிலிருந்து ஒரு மீசை வெளியே வந்தது.

அதை முதலில் குமரேசன்தான் பார்த்தான். நல்ல கொழுத்த கரப்பான். மணையிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்து ஏறியது. கதை கேட்டுக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. திரௌபதியின் முகம் வெளுத்துவிட்டது. குமரேசன் செம்போடு அப்படியே நின்றான். இத்தனை பேர் கண்ணிலும் பட்ட பிறகு இனி என்ன செய்ய?

கரப்பான் மகானுக்கு ஒரு முழம் கீழே வந்ததும் மகான் பாய்ந்தார்.

எப்படி வந்தது, எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கே இருந்தது இங்கே வந்திருந்தது, வாயில் கரப்பான் இருந்தது.

"புடிச்சிடுச்சு!" என்று ஒரு கத்தல் கேட்டது. கத்தியது சுரேஷ்குமார். மாதக்கணக்காகப் பேசாத மனிதர், கைதட்டியும்விட்டார். அப்புறம்தான் நினைவு வந்து, சிலேட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மகான் வெளியே கொண்டுபோகவெல்லாம் இல்லை. அங்கேயே, சாமி படத்துக்குப் பக்கத்திலேயே, எல்லார் முன்னாலும் நிதானமாக மென்று, கரும்பு தின்கிற மாதிரி சாற்றை உறிஞ்சத் தொடங்கியது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இங்கே ஒரு இறக்கை மட்டும் கழன்று தலைவி அம்மாவின் இலையில் பறந்து விழுந்தது.

ஹைமவதி அம்மாளுக்கு முகம் சிவந்து போயிற்று. மகான் கைவிட்டது ஒரு பக்கம், கோஷ்டி முன்னால் மானம் போனது ஒரு பக்கம். பூச்சியை என்ன செய்ய முடியும்? சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"திரௌபதி. நான் என்ன சொல்லியிருந்தேன்?"

திரௌபதி வாளியைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் குமரேசனுக்கு என்ன ஆயிற்றோ, செம்பை வைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் வந்து நின்றான்.

"அம்மா, அந்தக் கரப்பானை நான்தாங்க கொண்டாந்து விட்டேன்."

கூடமே அவனைப் பார்த்தது.

"நீயா? உசிரோடயா? என் சாப்பாட்டுக் கூடத்துலயா?"

"ஆமாங்க. அது இத்தினி நாளா பட்டினி கெடக்குதேன்னு மனசு கேக்கல. நைவேத்தியமா இருக்கட்டுமேன்னு விட்டேன்."

"கரப்பானை ஒழிக்கறவன், கரப்பானைக் கொண்டுவந்து விட்டியா?"

"ஆமாங்க." ஊர் முழுக்க இது போய்ச் சேரும் என்று அவனுக்குத் தெரியும். நாளைக்கு எந்த வீட்டில் மருந்தடிக்கக் கூப்பிடுவார்கள்?

"திரௌபதி கிட்ட கேக்க வேண்டியதுதானே, அவ சமையலறைலதான் மலிஞ்சு கிடக்கே?"

"அங்க இல்லீங்கம்மா. அவ சமையக்கட்டு அத்தினி சுத்தமுங்க. தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணு கூட கெடைக்கல. அதனாலதான் வெளியேருந்து புடிச்சாந்தேன்."

இவ்வளவு பெரிய பொய்யை அண்ணாமலையார் கோபுரம் தெரிகிற தூரத்தில் நின்று ஒருத்தன் சொன்னானே என்று எனக்கே கூசுகிறது. ஆனால் சொன்னான். தலைவி அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் யாரோ அதைத் தெலுங்கில் சொல்ல, அந்த அம்மா இலையில் கிடந்த இறக்கையை விரலால் ஒதுக்கிவிட்டு, "அய்யோ பாபம், எத்தனை பசி" என்று பூச்சியைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் தன் இலையையும் பார்த்துக்கொண்டார். மலையைச் சுற்றி வந்தவர்களுக்கும் பசிக்காதா?

ஹைமவதி அம்மாள் கோஷ்டியைப் பார்த்தார், காலி இலைகளைப் பார்த்தார்.

"குமரேசா, நீ இனிமே இந்த கேட்டுக்குள்ள கால் வைக்கப்படாது. இப்பவே கிளம்பு. திரௌபதி, ஏன் நிக்கறே? பொங்கல் பரிமாறு."

குமரேசன் கேட்டுக்கு வெளியே வந்து ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றான். சந்தில் போன ஆட்டோக்காரர், "இன்னா தலைவரே, உள்ள மருந்தா?" என்று கேட்டார். "இல்ல, டிபன்" என்றான்.

கொஞ்ச நேரத்தில் திரௌபதி வந்தாள். கையில் ஒரு தட்டு நிறையப் பொங்கல், அதன்மேல் நெய் மிதந்தது. விருந்தாளிகள் சாப்பாட்டிலிருந்து ஒரு பருக்கை அவனுக்கு அவள் கொடுத்ததில்லை. அதில் அவள் கறார். தட்டை ஸ்கூட்டர் சீட்டில் வைத்தாள்.

"பேரைக் கெடுத்துக்கினு வந்து நிக்கற."

"போவுது வுடு."

"இனிமே யாருய்யா உன்னக் கூப்புடுவா?"

"மறுபடியும் மல்லாட்டைக்கு அடிக்கப் போறேன். அங்க வந்து யாரு கேக்கப் போறாங்க." ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

அவள் போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஆக்கிப் போட ஆரம்பிச்சு இத்தினி வருஷமாச்சு. என் சமையக்கட்டு சுத்தம்னு ஒரு வாட்டியாவது சொல்லியிருக்கியா நீ? இன்னிக்குத்தான் சொன்ன. அதுவும் பொய் சொல்றப்ப."

குமரேசனுக்கு வாய் நிறையப் பொங்கல். அவசரமாக விழுங்கினான்.

"கரப்பானை நான் கொண்டாந்தேன்னு சொன்னதுதான் பொய். மத்தது பொய் இல்ல."

உள்ளே யாரோ சாம்பார் கேட்டுக் கூப்பிட்டார்கள். திரௌபதி நகரவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு. கேட்டுட்டுப் போறேன்" என்றாள்.